குழூஉக்குறியும் கணிப்பொறியும்

சொல் வழக்கைப் பகுத்துக் காட்டும் தமிழ் இலக்கணம், தகுதி வழக்கின் ஒரு பிரிவாகக் குழூஉக்குறியை வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், தமிழாசிரியர் அனைவரும் மாணவர்க்குக் காட்டிவரும் எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டத்தார் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டினால் ஒரு சொல் புதுப்பொருள் பெறுகிறது. உடன்பாட்டை அறிந்தவனுக்கு அச்சொல் முழுச் செய்தி. அறியாதவனுக்கு அது வெற்றொலி. அல்லது, இன்னும் தீங்காக, வேறொரு பொருளைத் தரும் சொல்.

இலக்கண வகுப்பில் சில மணித்துளிகளில் கடந்துபோகும் இச்சிறு செய்தி, இன்றைய கணிப்பொறி உலகின் ஒரு பெரிய நுட்பத்திற்கு அடிப்படையாக விளங்குகிறது. மின்னூர்தி ஒன்று மின்னேற்றுக் கம்பத்தோடு பேசும் பொழுது இரண்டிற்கும் இடையே செல்வது ஒருவகைக் குழூஉக்குறியே. பக்கம் பக்கமாக எழுத வேண்டிய ஆவணத்தைச் சில சுழியங்களாகவும் ஒன்றுகளாகவும் சுருக்கி அனுப்பும் இக்கலை ஒரே நாளில் பிறந்ததன்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு அதற்கு உண்டு. அவ்வரலாறு முழுவதும் ஒரே பாடம் மீண்டும் மீண்டும் உணர்த்தப்படுகிறது: இருபுறத்தாரும் முன்னரே அறிந்ததை அனுப்ப வேண்டியதில்லை, ஆயின், இருபுறத்தாரும் அறிந்தது ஒன்றே தானா என்று உறுதி செய்யாமல் அனுப்புவது பெருந்தீங்கு.

கோபுரமும் தந்தியும்

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கிளாட் ஷாப் என்பவர், உயரமான இடங்களில் கோபுரங்களை எழுப்பி, அவற்றின் உச்சியில் அசையும் மரக்கைகளைப் பொருத்தி, அக்கைகளின் கோணங்களால் செய்தி அனுப்பும் முறையை உருவாக்கினார். பாரிஸ் நகரையும் லீல் நகரையும் இணைத்த முதல் தடம் 1794ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. ஒவ்வோர் எழுத்தாக அனுப்பினால் காலம் மிகுதியாகும் என்பதை உணர்ந்து, 1795ஆம் ஆண்டில் ஒரு குறிப்பேடு வகுக்கப்பட்டது. அதில் பக்கங்கள் 92. பக்கத்திற்குச் சொற்கள் 92. ஆகமொத்தம் 8,464 சொற்கள். நீண்ட சொல்லாயினும் குறுகிய சொல்லாயினும் இரண்டே சைகைகள் போதும். முதற்சைகை பக்கத்தைச் சுட்டும். இரண்டாவது அப்பக்கத்தில் சொல் நிற்கும் இடத்தைச் சுட்டும். இடைக்கோபுரங்களில் நின்ற பணியாளர் தாம் கண்ட சைகையை அப்படியே அடுத்த கோபுரத்திற்குக் காட்டினரேயன்றி, அதன் பொருளை அறிந்திலர். குறிப்பேடு இருந்த இடத்தில் மட்டுமே செய்தி செய்தியாக இருந்தது.

1844ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மின்தந்தி வழியாகச் செய்தி அனுப்பினார். அவருடைய குறியீட்டில் வேறொரு வகைச் சுருக்கம் அமைந்திருந்தது. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் 'இ' என்னும் எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அருகி வரும் எழுத்துகளுக்கு நீண்ட குறிகள். அச்சகத்து எழுத்துப் பெட்டிகளில் எந்த எழுத்து மிகுதியாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தே இக்கணக்கு வகுக்கப்பட்டது என்பர்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. மோர்ஸ் முறையின் சுருக்கம், அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறி தருவதால் கிடைப்பது. ஷாப் முறையின் சுருக்கம், முன்னரே பகிர்ந்துகொண்ட ஏட்டினால் கிடைப்பது. பின்வந்த அறிவியல் அனைத்தும் இவ்விரு வழிகளின் வளர்ச்சியே எனலாம்.

தந்திக்குச் சொல்லெண்ணிக்கைப்படி கட்டணம் வாங்கப்பட்டமையால், வணிகர்கள் ஏட்டு வழியையே பெரிதும் நாடினர். நீண்ட வணிகத் தொடர்களுக்கு ஒற்றைச் சொல்லை ஈடாக வைத்த குறிச்சொல் ஏடுகள் பல வெளிவந்தன. அவற்றுள் 1906ஆம் ஆண்டில் வெளிவந்த பென்ட்லி ஏடு பெரும்புகழ் பெற்றது. அதில் ஒவ்வொரு தொடருக்கும் ஐந்தெழுத்துக் குறி ஒன்று உண்டு. இரண்டு குறிகளை ஒட்டிப் பத்தெழுத்தாக்கினால் தந்தி அலுவலகம் அதனை ஒரே சொல்லாகக் கணக்கிடும். இரண்டு தொடர்களின் பொருள் ஒரு சொல்லின் விலையில் கடல் கடந்தது.

இச்சிக்கனத்தின் மறுபக்கத்தை 1887ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு வழக்கு காட்டுகிறது. பிலடெல்பியா நகரக் கம்பளி வணிகர் பிராங்க் பிரிம்ரோஸ், கான்சாஸ் பகுதியிலிருந்த தம் முகவருக்குக் குறிச்சொல் தந்தி ஒன்று விடுத்தார. அதில் இருந்த 'பே' என்னும் சொல், அவர்தம் ஏட்டின்படி, 'வாங்கிவிட்டேன்' என்று பொருள்படும். வழியில் ஓர் எழுத்து பிறழ, அது 'பை' என்னும் ஆங்கிலச் சொல்லாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பொருளோ 'வாங்கு' என்பது. மோர்ஸ் குறியீட்டில் அவ்விரு எழுத்துகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு புள்ளி. முகவர் கம்பளியை வாங்கிக் குவித்தார். வணிகருக்கு ஏறத்தாழ 20,000 டாலர் இழப்பு நேர்ந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1894ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பில், தந்திக் கட்டணத்திற்கு மேல் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. சுருங்கிய செய்தியில் ஒவ்வொரு புள்ளியும் மிகுந்த பொருளைச் சுமக்கிறது. ஆதலால் ஒரு புள்ளி தவறினாலும் பொருள் பெரிதும் தவறுகிறது. இவ்வுண்மையைப் பின்னர் மீண்டும் காண நேரும்.

சுருக்கத்தின் கணக்கு

வழக்கத்தினாலும் பட்டறிவினாலும் வளர்ந்த இக்கலைக்குக் கணித அடிப்படை இட்டவர் கிளாட் ஷானன். செய்தித்தொடர்பின் கணிதக் கோட்பாட்டை விளக்கும் அவருடைய கட்டுரை 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு செய்தியின் அளவு அதன் நீளத்தில் இல்லை. அது தீர்த்துவைக்கும் ஐயத்தின் அளவில் இருக்கிறது என்பது அதன் சாரம். இரண்டில் ஒன்றைத் தெரிவிக்க ஒரு பிட், அதாவது சுழியம் அல்லது ஒன்று என்னும் ஓர் இருமக்குறி, போதும். நான்கில் ஒன்றைத் தெரிவிக்க இரண்டு பிட்டுகள். எட்டில் ஒன்றைத் தெரிவிக்க மூன்று. வாய்ப்பு ஒன்றே ஒன்றாயின்? அப்பொழுது ஐயமே இல்லை. ஐயம் இல்லாத இடத்தில் தெரிவிக்க வேண்டியதும் இல்லை. ஆகவே தேவைப்படும் பிட்டுகள் சுழியம்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராயிருந்த டேவிட் ஹஃப்மன், தம் ஆசிரியர் ராபர்ட் ஃபேனோ வகுப்பிற்குத் தந்த பணியை மேற்கொண்டபோது, அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறி வழங்கும் மிகச் சிறந்த வழியைக் கண்டறிந்தார். அது 1952ஆம் ஆண்டில் அச்சேறியது. அதே சிக்கலில் ஆசிரியரும் முன்னரே முயன்றிருந்தார். மாணவர் கண்டதோ ஆசிரியர் வழியினும் சிறந்தது. மோர்ஸ் தொடங்கிய முதல் வழி இதனால் முழுமை பெற்றது. ஏட்டு வழி முழுமை பெறுவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முதற்கண் கணிப்பொறி ஆவணங்களுக்கு ஓர் இலக்கணம் பிறக்க வேண்டியிருந்தது.

ஆவணத்திற்கு இலக்கணம்

1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்டு மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் ஜி.எம்.எல். என்னும் குறியிடு மொழியை வகுத்தனர். மூவருடைய குடும்பப் பெயர்களின் தலையெழுத்துகளும் அப்பெயரில் அமைந்துள்ளன. ஆவணத்தின் ஒவ்வொரு பகுதியும் எவ்வாறு அச்சிடப்பட வேண்டும் என்று கூறாமல், அப்பகுதி யாது என்று கூறுவதே இம்மொழியின் நோக்கம். 'இதனைப் பெரிய எழுத்தில் இடுக' என்று சொல்வதற்குப் பதிலாக 'இது தலைப்பு' என்று சொல்வது போன்றது அது. இதன் வளர்ச்சியாகிய எஸ்.ஜி.எம்.எல்., 1986ஆம் ஆண்டில் அனைத்துலகத் தர அமைப்பின் 8879ஆம் எண் தரமாக ஏற்கப்பட்டது. அதனை எளிமையாக்கி, இணைய உலகிற்கு ஏற்றதாக்கிய எக்ஸ்.எம்.எல்., 1998ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது.

எக்ஸ்.எம்.எல். ஆவணத்தில் ஒவ்வொரு செய்தியும் தொடக்கக் குறிச்சொல்லுக்கும் முடிவுக் குறிச்சொல்லுக்கும் நடுவே அமர்ந்திருக்கும். எந்த மொழியின் எழுத்தும் அதில் இடம்பெறலாம். குறிச்சொற்களையே தமிழில் அமைக்கலாம். மனிதனும் படித்தறியலாம், பொறியும் படித்தறியலாம். இதனை வகுத்தோர் தம் நோக்கங்களாகப் பத்தைக் குறித்தனர். அவற்றுள் இறுதியானது, குறிகளின் சுருக்கத்திற்கு மிகக் குறைந்த முதன்மையே தரப்படும் என்பதாகும். தெளிவிற்காகச் சுருக்கத்தை அவர்கள் அறிந்தே விட்டுக்கொடுத்தனர்.

2001ஆம் ஆண்டு மே மாதத்தில் எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா என்னும் அமைப்புத்திட்டம் வெளிவந்தது. ஓர் ஆவணத்தில் எந்தெந்த உறுப்புகள் வரலாம், எந்த வரிசையில் வரலாம், எத்தனை முறை வரலாம், ஒவ்வொன்றிலும் எத்தகைய மதிப்பு அமையலாம் என்பனவற்றையெல்லாம் அத்திட்டம் வரையறுக்கும். மொழிக்கு இலக்கணம் எப்படியோ அப்படி ஆவணத்திற்கு அமைப்புத்திட்டம். ஆவணம் பிழையற்றதா என்று சோதிப்பதற்காகவே அது முதலில் பயன்பட்டது. ஆயினும், இருபுறத்தாரிடமும் இருக்கும் இவ்விலக்கணமே ஷாப் வகுத்த குறிப்பேட்டின் இடத்தைப் பெறக்கூடும் என்பதை அறிஞர் பலர் உணர்ந்தனர்.

பருத்த ஆவணமும் குறுகிய பாதையும்

இந்த எண்ணம் முற்றிலும் புதியதன்று. தொலைத்தொடர்புத் துறையினர் 1984ஆம் ஆண்டிலேயே ஏ.எஸ்.என்.1 என்னும் முறையில் செய்தியின் அமைப்பைத் தனியே வரையறுத்திருந்தனர். அதன் தொடக்கக் குறியீட்டு விதிப்படி, ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னே அதன் வகையும் நீளமும் அனுப்பப்பட்டன. பின்னர் வந்த செறிவு விதிகளோ, அமைப்பு வரையறையிலிருந்தே அறியக்கூடியவற்றை அனுப்பாமல் விட்டன. இன்றைய கைப்பேசி வலைப்பின்னல்களில் கருவிக்கும் நிலையத்திற்கும் இடையே நிகழும் கட்டுப்பாட்டு உரையாடல்கள் இவ்விதியால் செறிவூட்டப்படுகின்றன.

எக்ஸ்.எம்.எல். உலகிலும் இத்தகைய முயற்சிகள் தோன்றின. அந்நாளையக் கைப்பேசிகளின் அலைவழி குறுகியது, நினைவகம் சிறியது. அவற்றுக்காக 1999ஆம் ஆண்டில் டபிள்யூ.பி.எக்ஸ்.எம்.எல். என்னும் முறை வந்தது. ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஓர் எண்ணை ஈடாக வைத்த அது, பென்ட்லி ஏட்டின் நேர்வழித் தோன்றல் எனத்தகும்.

'சுருக்குவதற்கு வேறு கருவிகள் இல்லையோ? எந்தக் கோப்பையும் சுருக்கும் பொது முறைகள் உளவே' என்று மாணவர் வினவக்கூடும். உள்ளன. ஆயின் அவை ஒரே சொல் பலமுறை திரும்ப வருவதைக் கண்டு சுருக்குபவை. நீண்ட ஆவணத்தில் அவை நன்கு பயன் தரும். நாலைந்து வரிச் செய்தியில் திரும்ப வருவது குறைவு. ஆகவே சுருக்கமும் குறைவு. மேலும், சுருக்கியதை விரித்த பின்னர், பெற்றவர் அந்த நீண்ட எழுத்துரையை முதலிலிருந்து மீண்டும் படித்துப் பிரித்தறிய வேண்டும். சிறு மின்கலத்தில் இயங்கும் கருவிகளுக்கு அவ்வுழைப்பும் சுமையே.

2003ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இப்பொருள் பற்றி ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. அங்கு இருதரப்பு வாதங்களும் எழுந்தன. மனிதன் படிக்கத்தக்கதாக இருப்பதே எக்ஸ்.எம்.எல்.லின் உயிர், அதனை இருமமாக்கினால் உயிர் போய்விடும் என்றது ஒரு தரப்பு. பொது முறை ஒன்றை வகுக்காவிடில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி இருமத்தை வகுத்துக்கொண்டு ஒன்றோடொன்று பேச இயலாமற் போகும் என்றது மறுதரப்பு. தேவைகள் ஆராயப்பட்டன, முன்னிருந்த முறைகள் அளந்து பார்க்கப்பட்டன. இறுதியில், ஏஜைல்டெல்டா என்னும் நிறுவனம் ஆக்கியிருந்த முறையை அடிப்படையாகக் கொண்டு, 2011ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் ஈ.எக்ஸ்.ஐ. என்னும் பொதுத்தரம் பரிந்துரையாக வெளியிடப்பட்டது. ஜான் ஷ்னைடர், தகுகி காமியா ஆகியோர் அதன் பதிப்பாசிரியர்கள். 2014ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது.

ஈ.எக்ஸ்.ஐ. இயங்கும் முறை

ஈ.எக்ஸ்.ஐ. ஓர் ஆவணத்தை எழுத்துகளின் வரிசையாகக் காண்பதில்லை. நிகழ்வுகளின் வரிசையாகக் காண்கிறது. ஆவணம் தொடங்கியது, ஓர் உறுப்பு தொடங்கியது, அதனுள் மதிப்பு வந்தது, அவ்வுறுப்பு முடிந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு. அனுப்புவோரும் பெறுவோரும் அமைப்புத்திட்டத்திலிருந்து ஒரே இலக்கணத்தை ஆக்கி வைத்திருப்பர். ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்து எந்த நிகழ்வுகள் வரலாம் என்பதை அவ்விலக்கணம் சொல்லும். வரக்கூடியவை நான்காயின், வந்தது எது என்பதை இரண்டு பிட்டுகள் சுட்டும். வரக்கூடியது ஒன்றேயாயின் ஒன்றும் அனுப்பப்படுவதில்லை. ஷானன் கண்ட உண்மை இங்கே செயல்வடிவம் பெறுகிறது.

மதிப்புகளும் அவ்வாறே. ஆம் அல்லது இல்லை என்னும் மதிப்பிற்கு ஒரு பிட் போதும். குறித்த பட்டியலில் ஒன்று எனில், பட்டியலில் அதன் வரிசை எண் மட்டும் செல்லும். ஓர் எண் குறுகிய எல்லைக்குள் அடங்கும் என்று திட்டம் கூறுமாயின், எல்லையின் தொடக்கத்திலிருந்து அது எவ்வளவு தொலைவு என்பது மட்டும் செல்லும். பட்டியலில் அடங்காத சொற்றொடர் எழுத்தெழுத்தாகவே செல்லும். ஆயினும், ஒருமுறை வந்த தொடரை இருபுறத்தாரும் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்வதால், அது மறுமுறை வரும்பொழுது அட்டவணை எண் மட்டும் போதும்.

தமிழாசிரியர் அறியத்தக்க சிறு செய்தி ஒன்றும் இங்கு உண்டு. இன்று பரவலாக வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில், ரோமன் எழுத்து ஒன்று ஒரு பைட், அதாவது எட்டு பிட், இடம் கொள்ளும். தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறியும் மூன்று பைட் கொள்ளும்; 'கு' என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்ததாகலின் ஆறு பைட் கொள்ளும். ஈ.எக்ஸ்.ஐ. முறையில் எழுத்தெழுத்தாக அனுப்பும்பொழுதுகூடத் தமிழ்க்குறி ஒன்றுக்கு இரண்டு பைட் போதுமானது.

ஒரு வருகைப் பதிவு

ஒரு பள்ளியின் வருகைப் பதிவை எக்ஸ்.எம்.எல். முறையில் இவ்வாறு எழுதுவதாகக் கொள்ளலாம்:

<பதிவு><வகுப்பு>5</வகுப்பு><பாடம்>தமிழ்</பாடம்><வருகை>1</வருகை></பதிவு>

ஐந்தாம் வகுப்பு, தமிழ்ப் பாடம், மாணவர் வந்திருந்தார் என்பது இதன் பொருள். யு.டி.எஃப்.-8 முறையில் இவ்வொரு வரி 169 பைட் கொள்ளும். அவற்றுள் உண்மையான செய்திக்கு உரியவை 17 பைட் மட்டுமே. எஞ்சிய 152 பைட்டும் குறிச்சொற்களே.

இனி, இருபுறத்தாரிடமும் ஓர் அமைப்புத்திட்டம் இருப்பதாகக் கொள்க. பதிவு என்பது வகுப்பு, பாடம், வருகை என்னும் மூன்றும் இதே வரிசையில் அமைந்தது. வகுப்பு 1 முதல் 6 வரை. பாடம் என்பது தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்னும் ஐந்தில் ஒன்று. வருகை என்பது ஆம் அல்லது இல்லை. திட்டத்திற்குப் புறம்பான எதுவும் வாராது என்னும் கடும்விதியையும் இருவரும் ஏற்றுள்ளனர்.

வகுப்பு ஆறில் ஒன்று. ஆதலின் மூன்று பிட். ஐந்தாம் வகுப்பு முதல் வகுப்பிலிருந்து நான்கு படி தள்ளியது. நான்கின் இருமம் 100. பாடம் ஐந்தில் ஒன்று. அதற்கும் மூன்று பிட். பட்டியலில் தமிழ் முதலில் நிற்கிறது. எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் அதன் குறி 000. வந்திருந்தார் என்பதற்கு 1. வரிசை மாறாதது ஆகையால் குறிச்சொற்களுக்கு ஒரு பிட்டும் வேண்டியதில்லை. ஆவணம் 'பதிவு' என்னும் உறுப்பில்தான் தொடங்குகிறது என்பதற்கு முன்னே 0 என்னும் ஒரு பிட் மட்டும் தேவை. நான்கையும் சேர்த்தால் 01000001. சரியாக ஒரு பைட். இதற்கு முன்னே ஈ.எக்ஸ்.ஐ. தலைப்பாக ஒரு பைட். ஆக, 169 பைட் இரண்டு பைட்டாக ஒடுங்கிவிட்டது.

எல்லா ஆவணமும் இந்த அளவிற்குச் சுருங்கிவிடுவதில்லை. கட்டுரையும் கடிதமும் போல, பட்டியலில் அடங்காத உரை மிகுந்த ஆவணங்களில் சுருக்கம் குறைவே. இலக்கணம் எவ்வளவு முன்னுணர்கிறதோ அவ்வளவே சுருக்கம்.

உடன்பாடு பிறழ்ந்தால்

மேற்கண்ட 01000001 என்னும் பைட்டை, அமைப்புத்திட்டத்தை அறியாத ஒருவர் வெறும் எழுத்துரை என்று எண்ணிப் படித்தால் என்னாகும்? அது ரோமன் எழுத்து வரிசையின் முதற்பெரிய எழுத்தாகிய 'ஏ' எனத் தோன்றும். வகுப்பும் இல்லை, பாடமும் இல்லை, மாணவரும் இல்லை. குழூஉக்குறியை அறியாதவன் பொற்கொல்லர் பேச்சைக் கேட்ட கதையாகிவிடும்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. ஒருபுறத்தார் மட்டும் பாடப் பட்டியலின் வரிசையைத் திருத்தி, மலாயை முதலிலும் தமிழை இரண்டாவதிலும் வைத்துவிட்டனர் என்று கொள்க. மறுபுறத்தார் பழைய திட்டப்படியே அனுப்புகின்றனர். 000 என்னும் குறி வந்து சேர்கிறது. பெற்ற பொறி, ஐயம் சிறிதுமின்றி, மலாய்ப் பாடம் என்று பதிந்துகொள்ளும். பிழை என்று எச்சரிக்கை எழாது. ஏனெனில் புதிய திட்டப்படி அது பிழையற்ற ஆவணம். தமிழ் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளை, ஏட்டில் தமிழ் படிக்காத பிள்ளையாகிவிடுகிறது. குறிச்சொல்லோடு எழுதிய நீண்ட ஆவணத்தில் இத்தவறு நேர வழியில்லை. அங்கே 'தமிழ்' என்ற சொல்லே எழுதப்பட்டிருக்கும். கம்பளி வணிகருக்கு ஒரு புள்ளியால் நேர்ந்தது இங்கே ஒரு வரிசை மாற்றத்தால் நேர்கிறது.

தரத்தை வகுத்தோர் இதனை உணராதவரல்லர். எந்தத் திட்டத்தின்படி எழுதப்பட்டது என்பதை ஆவணத்தின் தலைப்பிலேயே குறிப்பதற்கு அவர்கள் இடம் வைத்தனர். திட்டத்தில் இல்லாதது வந்தாலும் ஏற்கும் நெகிழ்ச்சி முறையும் உண்டு. அதற்கு விலையாகச் சில பிட்டுகள் கூடும். அனைத்துலகத் தர அமைப்பு 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட 15118 வரிசைத் தரத்தின்படி, மின்னூர்தியும் மின்னேற்றுக் கம்பமும் ஈ.எக்ஸ்.ஐ. முறையில் பேசிக்கொள்கின்றன. அங்கே மின்னேற்றம் பற்றிய பேச்சுக்கு முன்னே ஒரு கைகுலுக்கல் நிகழ்கிறது. தான் அறிந்த திட்டங்களும் அவற்றின் பதிப்புகளும் இவை என்று ஊர்தி பட்டியலிட, அவற்றுள் ஒன்றைக் கம்பம் தெரிந்தெடுக்கிறது. எந்த உடன்பாட்டின்படி பேசுவது என்று முதலில் உடன்பட்ட பின்னரே பேச்சுத் தொடங்குகிறது.

2008ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் பொதுவில் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் என்னும் முறை வேறொரு நடுவழியைக் கொண்டது. அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் மாறாத எண் ஒன்று உண்டு. அவ்வெண்ணும் செய்தியோடு செல்லும். அதனால் சற்று நீளம் கூடினாலும், அறியாத எண் வந்தால் பெறுவோர் அதனைத் தாண்டிச் செல்ல இயலும். திட்டம் வளரும்பொழுது பழையதும் புதியதும் ஒன்றோடொன்று பேச இந்தச் சிறு மிகையே துணையாகிறது. எனவே, மிகை அனைத்தும் வீண் என்று கருதுவது பிழை.

தமிழுலகம் கண்ட பாடம்

உடன்பாடு இல்லாத குறியீட்டின் துன்பத்தைத் தமிழுலகம் நேரில் கண்டதுண்டு. கணிப்பொறியில் தமிழ் நுழைந்த காலத்தில், ஒவ்வோர் எழுத்துருவை ஆக்கியவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண்களை இட்டனர். ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அது நடைமுறையில் பரவப் பல ஆண்டுகள் ஆயின. 1997ஆம் ஆண்டில் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் நடத்திய தமிழ் இணைய மாநாட்டிலும், அதன்பின் வந்த மாநாடுகளிலும், பொதுக் குறியீடு பற்றிய விவாதம் தொடர்ந்தது. தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டில் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

எழுத்துக்கு எண் இடுவது ஒரு தளம். ஆவணத்திற்கு அமைப்புத்திட்டம் இடுவது அதற்கு மேலான தளம். ஆயினும் இரண்டிற்கும் விதி ஒன்றே. குறியீடு எவ்வளவு செறிவாயினும், அதன் திறவுகோல் தொலைந்தால் உள்ளிருப்பதும் தொலைந்ததே. சுருக்கிய கோப்பைப் பேணுவோர் அதனை ஆக்கிய திட்டத்தையும், அத்திட்டத்தின் எந்தப் பதிப்பு என்பதையும் உடன் பேணுதல் வேண்டும். நூலகத்தார்க்கும், பள்ளி அலுவலகத்தார்க்கும், சங்கங்களின் ஆவணங்களைக் காப்போர்க்கும் இக்கடமை உண்டு.

சுருங்கச் சொல்வதை நூலின் அழகுகளுள் ஒன்றாக வைத்த நன்னூலார், விளங்கச் சொல்வதையும் அதனோடு அழகாக வைத்தார். கோபுரக்கையிலிருந்து மின்னூர்தி வரை செய்தியைச் சுருக்கியோர் அனைவரும் இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பதற்கே முயன்றனர். கேட்போன் முன்னரே அறிந்தது யாது என்று அளந்து, அதனை விடுத்து, எஞ்சியதை மட்டும் பிழையறச் சொல்வதே அவர்கள் கண்ட வழி. அவ்வழி வகுப்பறைக்கும் புதியதன்று. மாணவர் அறிந்தது எது என்று உணர்ந்த ஆசிரியரின் விளக்கம் சுருக்கமாக அமைகிறது. அறியாததை அறிந்ததாகக் கொண்டு சுருக்குபவரின் விளக்கமோ மாணவரைச் சென்று சேர்வதில்லை. குழூஉக்குறியைக் கற்பிக்கும் நாளில், பொற்கொல்லரின் 'பறி'யோடு 01000001 என்னும் எட்டுக் குறிகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், பழைய இலக்கணம் இன்றும் இயங்கிக்கொண்டிருப்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.